ஒன்பது எழுபத்திரண்டு

"நான் நல்லாதான் இருந்தேன்னு எத்தனை தடவை சொல்..."

"நல்லா இருந்தவர் இதை எதுக்கு ஒளிச்சு வச்சீங்கன்னுதான் நானும்..."

"ஒளிக்கல. வச்சேன்."

"பிளாஸ்திரி டப்பாக்குள்ள."

"கைக்கு எட்டுச்சு, வச்சேன்."

"தோள்வலி பிளாஸ்திரி டப்பாக்குள்ள. தினமும் அதைப் பிரிச்சு உங்க தோள்ல ஒட்டி விடறது யாரு, பக்கத்து வீட்டுக்காரியா? ஒளிக்கறதுக்கு இந்த வீட்ல வேற இடமா கிடைக்கல உங்களுக்கு?"

விமானி தேநீரைப் பார்த்தார். அது ஆறிப்போய் மேலே ஆடை கட்டியிருந்தது. சமையலறை மேசையின் நடுவே அந்தக் காகிதம் கிடந்தது. பறக்கும்போது தொடையில் கட்டிக்கொள்ளும் அட்டையிலிருந்து கிழித்த அரைத்தாள். அவர் மனைவி இருபத்திரண்டு வருடமாக மருந்துக்கடையில் சீட்டு வாங்கி மருந்து எடுத்துக் கொடுப்பவள். எந்த டாக்டரின் கிறுக்கலும் அவளுக்குத் தண்ணீர் பட்ட பாடு. அப்படிப்பட்டவள் மத்தியானத்திலிருந்து ஏழெட்டு முறை இந்தத் தாளை ஜன்னல் வெளிச்சத்துக்குத் தூக்கிப் பார்த்துவிட்டாள்.

வரைபடம் தயாரிப்பவர்களுக்காக வானத்திலிருந்து நிலத்தைப் படம் எடுக்கும் ஒரு சின்னக் கம்பெனியில் அவருக்கு வேலை. இரண்டு இஞ்சின் வைத்த சிறிய விமானம். இருபத்துநாலாயிரம் அடிக்கு ஏறி, துணிக்கு இஸ்திரி போடுவது போல் போவதும் வருவதுமாக நாலு மணி நேரம் ஓட்ட வேண்டும். வயிற்றுப் பக்கம் பொருத்திய கேமரா தானே படம் பிடித்துக்கொள்ளும். உள்ளே ஆள் அவர் ஒருவர்தான். பயணிகள் விமானத்தில் காற்றை அடைத்து வைத்திருப்பார்கள். இதில் அது கிடையாது. வெளியே எவ்வளவு காற்றோ உள்ளேயும் அவ்வளவுதான். அதனால் இருக்கைக்குப் பின்னால் ஒரு ஆக்சிஜன் பாட்டில், அதைத் திறக்க ஒரு திருகு வால்வு, அதிலிருந்து ஒரு குழாய், குழாயில் அழுத்தத்தை முள்ளால் காட்டும் கேஜ், நுனியில் மூக்கையும் வாயையும் மூடும் மாஸ்க்.

பத்து நிமிடத்துக்கு ஒரு தடவை நேரத்தை எழுதி, பக்கத்திலேயே நூறிலிருந்து ஏழேழாகக் கழித்து எழுத வேண்டும் என்பது கம்பெனிச் சட்டம். மூளைக்குக் காற்று குறைந்தால் முதலில் போவது கணக்கும் கையெழுத்தும். போகிற ஆளுக்கு அது தெரியாது. தாளுக்குத் தெரியும்.

"நானே படிக்கிறேன், கேளுங்க," என்றாள். "பத்து பத்து, தொண்ணூத்து மூணு. பத்து இருபது, எண்பத்தாறு. பத்து முப்பது, எழுபத்தொன்பது. பத்து நாப்பது, எழுபத்திரெண்டு. இது வரைக்கும் உங்க கையெழுத்து. அப்புறம் நேரம் போடல. எழுபத்திரெண்டு. அதுக்கப்புறமும் எழுபத்திரெண்டு. மொத்தம் ஒன்பது எழுபத்திரெண்டு, ஒண்ணு மேல ஒண்ணு ஏறி, மைக்கூட்டுல விழுந்த எறும்பு மாதிரி சரிஞ்சு சரிஞ்சு மூலைக்குப் போயிருக்கு. கடைசியா பதினொண்ணு இருபத்தஞ்சு, அறுபத்தஞ்சு. முத்து முத்தா."

"அதான் சரியாயிடுச்சே."

"நடுவுல முக்கா மணி நேரம் எங்க போனீங்க?"

"எங்கயும் போகல. மேலதான் இருந்தேன்."

"விளையாடாதீங்க."

"விளையாடல." அவர் கண்ணைத் தேய்த்துக்கொண்டார். மூன்று நாளாகச் சரியாகத் தூங்காத கண். "அன்னிக்கு மாதிரி நிம்மதியா நான் பறந்ததே இல்ல. உடம்பெல்லாம் கதகதன்னு இருந்துச்சு. தோள் வலிக்கல. எல்லா வேலையும் தானா நடக்கற மாதிரி. நான் இன்னிக்கு எவ்வளவு சுத்தமா ஓட்டறேன்னு எனக்கே பெருமையா இருந்துச்சு."

"நீங்க சந்தோஷமா இருந்தேன்னு சொல்றதே எனக்கு பயமா இருக்கு. நம்ம கல்யாணத்தன்னிக்கே நான் உங்களை அப்படிப் பாக்கல."

"அன்னிக்கு ஷூ கடிச்சுது."

அவள் சிரிக்கவில்லை. அவரும் சிரிப்பதற்காகச் சொல்லவில்லை. பிறகு துண்டு துண்டாக மீதியும் வெளியே வந்தது. கீழேயிருந்து விமானப் போக்குவரத்துக் கண்ட்ரோல்காரர்கள் மூன்று தடவை கூப்பிட்டிருக்கிறார்கள். வேறொரு விமானம் குறுக்கே ஏறி வருகிறது, பன்னிரண்டாயிரம் அடிக்கு இறங்குங்கள் என்று. மூன்றாவது தடவைதான் அவர் காதில் விழுந்தது. சொன்னதைச் செய்தார், ஏன் என்று கேட்கத் தோன்றவில்லை. கீழே வந்த பிறகு தலை பிளந்தது. அப்போதுதான் தொடையைக் குனிந்து பார்த்தார்.

"ஆபீஸ்ல என்ன சொன்னீங்க?"

"ரேடியோ கோளாறுன்னு சொன்னேன். அதனாலதான் பதில் சொல்ல லேட்டாச்சுன்னு."

"தாள்?"

"வேற தாள்ல அழகா எழுதிக் குடுத்துட்டேன்."

"அடேயப்பா." அவள் குரல் ஏறவில்லை. சலிப்பாகத்தான் வந்தது. "ரேடியோவை என்ன பண்ணாங்க?"

"ரேடியோக்காரர் ரெண்டு நாளா அதைப் பிரிச்சுப் போட்டுட்டு உக்காந்திருக்கார். ஒண்ணும் கிடைக்கலையாம்."

"எப்படிக் கிடைக்கும்?"

அவர் தேநீர்க் கோப்பையைத் தள்ளி வைத்தார். பிறகு நெற்றியின் பக்கவாட்டில் இரண்டு விரலால் தட்டினார். "கேஜ்ல முள்ளு முழுசா நின்னுச்சு. மாஸ்க்ல காத்தும் வந்துச்சு. அப்ப குத்தம் பாட்டில்ல இல்ல. இங்க. அம்பத்து மூணு வயசுல ஆகாசத்துல நினைவு தப்பினவனுக்கு யாரு லைசென்ஸ் குடுப்பா? சொன்னா அன்னியோட சரி. அதுக்கப்புறம் நான் என்ன பண்றது, உன் கடைல வந்து தைலம் விக்கறதா?"

இதுதான் மூன்று நாளாக அவர் தொண்டையில் நின்றது. அவளுக்குக் கோபம் இறங்கிவிட்டது. நாற்காலியை இழுத்துப் போட்டு எதிரே உட்கார்ந்தாள்.

"நாளைக்கு அந்த பிளேன்ல யாரு போறா?"

"நெட்டை. காலைல ஏழு மணிக்கு. எனக்கு புதன்கிழமைதான்." நெட்டை என்பது கம்பெனியின் இன்னொரு விமானிக்கு எல்லோரும் வைத்த பெயர்.

"உங்களுக்கு உடம்பு சரியில்லன்னா அது நம்ம வீட்டோட போகும். பாட்டில் சரியில்லன்னா?"

"பாட்டில்ல ஒண்ணும் இல்லன்னு சொல்றேன்ல."

"அதைச் சொல்றது யாரு? ஒன்பது எழுபத்திரெண்டு எழுதினவரா?"

வாசல் மணி அடித்தது. அவளுடைய தம்பி. விமானி வேலை பார்க்கும் அதே கம்பெனியில் மெக்கானிக். ஞாயிற்றுக்கிழமை சாயந்திரமானால் வந்துவிடுவான். வந்ததும் நேரே சமையலறைக்குப் போய்க் கை கழுவுவான். லீவு நாளிலும் அவன் விரலிடுக்கில் கிரீஸ் கறுப்பு இருக்கும்.

"என்னக்கா, தெருமுனை வரைக்கும் கேக்குது. அடுத்த தடவை டிக்கெட் போட்டுடுங்க, ரெண்டு பேர் வேடிக்கை பார்க்க வருவாங்க."

"உக்காருடா."

அவன் உட்காரவில்லை. தொட்டியில் சாய்ந்து நின்று கையைத் துடைத்துக்கொண்டே கேட்டான்: "மாமா, ஒண்ணு கேக்கணும்னே வந்தேன். வியாழக்கிழமை மேல போனீங்களே, மாஸ்க் போட்டீங்களா இல்லையா?"

"போடாம?"

"நேத்து பாட்டிலை ரொப்பப் போனேன். ரொப்ப இடமே இல்ல. ரெண்டு மணி நேரம் மேல இருந்திருக்கீங்க, பாதி காலியாகியிருக்கணும். பேருக்குத்தான் குறைஞ்சிருக்கு. நீங்க என்ன, மூச்சை அடக்கிக்கிட்டு ஓட்டினீங்களா?"

அக்கா அந்தத் தாளை அவனிடம் நீட்டினாள். அவன் படித்தான். மூலை வரைக்கும் படித்தான். அவன் முகத்திலிருந்து கேலி போயிற்று. நாற்காலி தேடி உட்கார்ந்தான்.

"வால்வைத் தொட்டீங்களா மாமா?"

"தொடாம எப்படி மாப்ள? நீ ரொப்பிட்டு மூடி வைப்ப. நான் ஏறி உக்காந்ததும் கையைப் பின்னால விட்டுத் திறப்பேன். முட்டற வரைக்கும் திருகி, கால் சுத்து திருப்பி விடுவேன். வருஷக்கணக்கா செய்யறதுதானே."

முழுதாகத் திறந்து அப்படியே விட்டால் வால்வு இறுகிக்கொள்ளும். அதனால் முட்டியதும் கால் சுற்று பின்னால் விடுவது அந்த விமானக் கொட்டகையில் எல்லோருக்கும் பழக்கம். வேலைக்குச் சேர்ந்த அன்றே சொல்லிக் கொடுத்துவிடுவார்கள். யாரும் பார்த்துத் திருகுவதில்லை. கைக்கே தெரியும்.

தம்பி அக்காவைப் பார்த்தான். அவள் அவனைப் பார்த்தாள். முதலில் அவளுக்குப் புரியவில்லை. பிறகு புரிந்தது. மேசையின் விளிம்பைப் பிடித்துக்கொண்டாள்.

"என்ன ரெண்டு பேரும் கண்ணாலயே பேசிக்கறீங்க?" என்றார் விமானி.

"அன்னிக்கு நான் வால்வை மூடல மாமா. திறந்துதான் வச்சிருந்தேன்."

"ஏன்?"

"அக்கா புதன்கிழமை போன் பண்ணுச்சு."

"நான்தான் சொன்னேன்," என்றாள். "அன்னிக்குக் காலைல சட்டை போட நீங்க பட்ட பாட்டைப் பார்த்தேன். வலது கை பின்னால போகவே இல்ல. பாட்டில் வால்வு பின்னாலதானே இருக்குன்னு இவனைக் கூப்பிட்டு, நீயே திறந்து வச்சிடுடான்னு சொன்னேன். மாமாகிட்ட சொல்லாதே, ரோஷப்படுவார்னும் சொன்னேன்."

தொட்டிக்குழாய் ஒரு சொட்டு விட்டது.

"திறந்திருந்தா நல்லதுதானே," என்றார் விமானி மெதுவாக. "திறந்த வால்வை நான் திறந்தா என்ன ஆகும்? அப்படியேதானே இருக்கும்?"

தம்பி எழுந்து போய்த் தொட்டிக்குக் கீழே இருந்த அலமாரிக் கதவைத் திறந்தான். சுவரிலிருந்து வரும் தண்ணீருக்கு அங்கே ஒரு உருண்டை வால்வு. அதை முழுதாகத் திறந்து, கால் சுற்று பின்னால் விட்டான். ஒரு குட்டை முக்காலியை அதன் முன்னால் போட்டான்.

"முதுகைக் காட்டி உக்காருங்க மாமா. வியாழக்கிழமை எப்படிச் செஞ்சீங்களோ அப்படியே செய்யுங்க. யோசிக்காதீங்க."

விமானி உட்கார்ந்தார். வலது கையைப் பின்னால் கொண்டுபோனார். பாதியில் நின்றுவிட்டது. உதட்டைக் கடித்தார்.

"அன்னிக்கும் இப்படித்தான்," என்றார். "அப்புறம் இடது கையை விட்டேன்."

"விடுங்க."

இடது கை அலமாரிக்குள் போனது. வால்வைத் தேடிப் பிடித்தது. ஒரு பக்கம் திருகியது. கொஞ்சம் அசைந்து முட்டிக்கொண்டது. விரல்கள் ஒரு கணம் யோசித்தன. இது இடது கை, பக்கம் மாறிவிட்டது போலிருக்கிறது என்று அந்தக் கை நினைப்பதை மற்ற இருவரும் பார்த்தார்கள். அது மறுபக்கம் திருக ஆரம்பித்தது. வால்வு சுலபமாகச் சுற்றியது. சுற்றிச் சுற்றிக் கடைசியில் முட்டியது. பிறகு தானாகவே கால் சுற்று பின்னால் வந்தது.

"திறந்தாச்சு," என்றார் விமானி.

மனைவி தொட்டிக்குழாயை முழுதாகத் திருகினாள். நூல் மாதிரித் தண்ணீர் வந்தது.

அவர் முக்காலியில் உட்கார்ந்தபடியே கழுத்தைத் திருப்பி அந்த நூலைப் பார்த்தார்.

"கேஜ் முழுசா காட்டுச்சே," என்றார்.

"கொஞ்சூண்டு திறந்தாலே முள்ளு முழுசா போய் நிக்கும் மாமா. கீழ நின்னு ரெண்டு இழுப்பு இழுத்தா காத்து வரும். மேல போகப் போகத்தான் பத்தாது. நீங்க பாதி மூச்சுல இருந்திருக்கீங்க. அதனாலதான் மயங்கி விழல. ஒன்பது தடவை எழுதியிருக்கீங்க."

விமானி எழுந்தார். அவருடைய முகத்தில் மூன்று நாளாக இல்லாத நிறம் வந்திருந்தது. "அப்ப எனக்கு ஒண்ணும் இல்ல," என்றார். "ஏம்மா, கேட்டியா? எனக்கு ஒண்ணும் இல்ல. தலை நல்லாத்தான் இருக்கு."

"கேட்டேன்."

"சனியன் விட்டுது. இனிமே கண்ணால பாத்துத் திருகறேன். மாப்ள, நீ வேலைச் சீட்டுல எழுதியிருக்கற மாதிரியே மூடி வச்சிடு. யாருக்காகவும் திறக்காத."

"சரி மாமா."

"அவ்வளவுதான். முடிஞ்சுது."

மனைவி கோப்பைகளை எடுத்துத் தொட்டியில் போட்டாள். நூல் தண்ணீரிலேயே கழுவ ஆரம்பித்தாள். தம்பி குனிந்து வால்வைத் திறந்துவிடப் போனான், வேண்டாம் என்று கையைக் காட்டினாள்.

"முடியலைன்னு நினைக்கிறியா?" என்றார் விமானி.

"நான் என்ன சொல்றதுக்கு இருக்கு? இவ்வளவு நேரம் உங்களைக் குறுக்கு விசாரணை பண்ணேன். கடைசில பார்த்தா ஆரம்பிச்சு வச்சவ நான்தான்."

"அக்கா, நீ நல்லதுக்குத்தான்..."

"நீ பேசாம இரு. சொன்னா உனக்கு என்ன ஆகும், அதைச் சொல்லு."

தம்பி விரலிடுக்கைத் தேய்த்தான். "வேலைச் சீட்டுல 'மூடப்பட்டது'ன்னு கையெழுத்து போட்டிருக்கேன். திறந்து வச்சுட்டு மூடினேன்னு எழுதினது பொய்யாகுது. வேலையைச் சரிபாத்துக் குத்தற என் முத்திரையைப் பிடுங்கிடுவாங்க. அது இல்லைன்னா நான் பிளேன் கழுவத்தான் லாயக்கு."

"அவருக்கு?"

"தாளை மாத்தினதுக்கு கொஞ்ச நாள் வீட்ல உக்கார வைப்பாங்க. அது பரவாயில்ல. ஆனா தோள் விஷயம் மட்டும் வெளிய வந்துச்சுன்னா..." அவன் முடிக்கவில்லை.

முடிக்கத் தேவையில்லை. போன தடவை உடல் பரிசோதனையில் டாக்டர் கையைத் தூக்கச் சொன்னபோது பல்லைக் கடித்துக்கொண்டு தூக்கியவர் அவர். பிளாஸ்திரியைக் கூட அவள் கடைக் கணக்கில் தன் பெயரில்தான் எடுக்கிறாள்.

"அப்ப ஒருத்தரும் சொல்ல வேண்டாம்," என்றார் விமானி. "யாருக்கும் ஒண்ணும் ஆகலையே."

அவள் ஒரு கோப்பையைக் கவிழ்த்து வைத்தாள். "கால் சுத்து திருப்பி விடற பழக்கம் எல்லாருக்கும் இருக்கா?"

"எல்லாருக்கும்," என்றான் தம்பி.

"நெட்டைக்கும்?"

"அவருக்கும்."

"எல்லாரும் பாக்காமத்தான் திருகறீங்க."

"ஆமா."

"அப்ப நான் போன் பண்ணலைன்னாலும், வேற யாராவது ஒருநாள் மூட மறப்பாங்க. இல்ல, நல்லது செய்யறேன்னு திறந்து வைப்பாங்க. முள்ளு முழுசாத்தான் நிக்கும். மேல இருக்கறவங்க பெருமையா ஓட்டிக்கிட்டு இருப்பாங்க. அன்னிக்குக் குறுக்க எந்த பிளேனும் வரலைன்னா, இறங்குன்னு கீழேருந்து யாரு கூப்பிடுவா?"

விமானி மேசையில் கிடந்த தாளை எடுத்தார். ஒன்பது எழுபத்திரண்டையும் கட்டைவிரலால் ஒவ்வொன்றாகத் தடவிக்கொண்டு போனார். கடைசி எண்ணுக்கும் தாளின் மூலைக்கும் நடுவே இன்னொன்று எழுதுகிற இடம்தான் பாக்கி இருந்தது.

"ஒண்ணு சொல்லட்டுமா," என்றார். "தலைல ஒண்ணும் இல்லன்னு தெரிஞ்சதும் எனக்கு என்ன தோணுச்சு தெரியுமா? அந்தக் கதகதப்பு இன்னொரு தடவை வந்தா நல்லா இருக்கும்னு தோணுச்சு. இப்பவும் நினைச்சா நல்லாத்தான் இருக்கு. செத்திருப்பேன்னு தெரிஞ்சும் நல்லா இருக்கு. இதுல நெட்டைகிட்ட ஜாடையா, வால்வைப் பாத்துத் திறன்னு சொன்னா அவன் கேப்பானா? நானா இருந்தா கேட்டிருக்க மாட்டேன்."

அவர் போனை எடுத்துப் பெரிய கேப்டனின் எண்ணை அழுத்தினார். கம்பெனியின் எல்லா விமானிகளுக்கும் தலைவர் அவர்தான். காதில் வைத்தால் தோள் இழுக்கும் என்று ஸ்பீக்கரில் போட்டு மேசைமேல் வைத்தார். வலி அவருக்கு அவ்வளவு பழகிப் போயிருந்தது.

"ஞாயித்துக்கிழமை கூட விட மாட்டீங்களாய்யா," என்றது போன்.

"மன்னிச்சுக்கங்க சார். நாளைக்குக் காலைல அந்த பிளேனை மேல அனுப்பாதீங்க."

"ரேடியோ இன்னும் சரியாகலையா?"

"ரேடியோல கோளாறே இல்ல சார். அது நான் சொன்ன பொய். மேல எனக்குக் காத்து பத்தல. முக்கா மணி நேரம். ஆபீஸ்ல குடுத்த தாளும் அப்புறமா எழுதினது. நிஜத் தாள் கைல இருக்கு, காலைல கொண்டு வரேன்."

அந்தப் பக்கம் நாற்காலி கிரீச்சிட்டது. தொலைக்காட்சிச் சத்தம் ஒன்று நின்றது.

"கேஜ்?"

"முழுசா இருந்துச்சு சார். வால்வு கால் சுத்துதான் திறந்திருக்கு. நான்தான் தப்பான பக்கம் திருகிட்டேன். குத்தம் என்னோடது. வேற யாருக்கும் சம்பந்தம் இல்ல."

"கொஞ்சம் இரு. இருபத்தாறு வருஷமா திருகற கை, அன்னிக்குப் பக்கம் மறந்துதாக்கும்." குரலில் கோபமில்லை. களைப்பாக, ஒவ்வொன்றாகப் பிரித்துப் பார்க்கும் குரல். "மூடியிருக்கற வால்வை மூடற பக்கம் திருகவே வராதே. அப்ப நீ ஏறும்போதே அது திறந்திருந்திருக்கு. யாரு திறந்து வச்சது? எதுக்கு?"

தம்பி மேசைமேல் இருந்த கைகளை எடுத்து மடியில் வைத்துக்கொண்டான். விமானி மனைவியைப் பார்த்து, பேசாதே என்று இடது கையை ஆட்டினார்.

அவள் ஈரக் கையைத் துணியில் துடைத்தாள். போனைத் தன் பக்கம் நகர்த்திக்கொண்டாள்.

"நான் அவரோட மனைவி பேசறேன் சார். திறந்து வைக்கச் சொன்னது நான்தான். அவருக்கு நாலு மாசமா வலது கை தோளுக்குப் பின்னால போறதில்ல."